நீண்ட காலச் சட்டமன்றத் தலைவரின் அரசியல் வாழ்க்கைக் குறிப்பைத் தொகுப்பது எப்படி: மு. கருணாநிதியை வைத்து ஒரு செய்முறை

அறுபது ஆண்டுகள் தொடர்ந்து சட்டமன்ற உறுப்பினர் என்று மு. கருணாநிதியைப் பற்றி எழுதுவது எளிது. முதல் வெற்றி 1957, மறைவு 2018. கழித்தால் 61 வருகிறது. ஆனால் அவர் பேரவையில் உறுப்பினராக இருந்த காலத்தை மட்டும் எடுத்துக் கூட்டினால் 50 ஆண்டைத் தொடாது. இடையில் அவர் இருந்த பேரவை நான்கு முறை முன்கூட்டியே கலைக்கப்பட்டது, இரண்டு முறை அவரே பதவி விலகினார், ஒரு தேர்தலில் நிற்கவே இல்லை. இவ்வளவும் ஊரறிந்த செய்திதான். இருந்தும் தவறு நடப்பதற்குக் காரணம், குறிப்பு எழுதுகிறவர் தேர்தல் ஆண்டை மட்டும் பார்த்துக் கழித்தல் கணக்குப் போடுவது.

நூற்றாண்டு மலருக்கோ, நாளிதழின் இரங்கல் பக்கத்துக்கோ, கல்லூரி ஆய்வேட்டுக்கோ, இணையக் கலைக்களஞ்சியத்துக்கோ ஒரு மூத்த மாநிலத் தலைவரின் குறிப்பைத் தொகுப்பவர்களுக்கு இந்தச் செய்முறை. கருணாநிதியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், வரக்கூடிய சிக்கல் அத்தனையும் அந்த ஒரே வாழ்க்கையில் இருக்கின்றன. மாநிலத்தின் பெயர் மாறியது, தொகுதிகள் மாறின, மேலவை இருந்து மறைந்தது, ஆட்சி இரண்டு முறை கலைக்கப்பட்டது. இவரது பட்டியலைப் பிழையில்லாமல் போடத் தெரிந்தவருக்கு மற்றவர்களுடையது கடினமாக இருக்காது.

எழுத உட்காரும் முன் பட்டியல்

முதல் வாக்கியத்தை யோசிக்காதீர்கள். ஒரு விரிதாளைத் திறந்து பத்துப் பத்திகள் போடுங்கள்: தேர்தல் ஆண்டு, எத்தனையாவது பேரவை, தொகுதி, தேர்தல் ஆணைய ஏட்டில் கட்சி எப்படிப் பதிவாகியிருக்கிறது, முடிவு, வாக்கு வித்தியாசம், உறுதிமொழி எடுத்த நாள், இருக்கை நீங்கிய நாள், நீங்கிய காரணம், ஆதாரம். கடைசிப் பத்தி காலியாக இருக்கும் வரியைக் கட்டுரைக்குள் விடக் கூடாது. இது ஒன்றுதான் கறாரான விதி.

கருணாநிதிக்கு அந்தப் பட்டியலின் முதுகெலும்பு இப்படி அமையும்:

1957 – 2ஆவது பேரவை – குளித்தலை
1962 – 3ஆவது – தஞ்சாவூர்
1967 – 4ஆவது – சைதாப்பேட்டை
1971 – 5ஆவது – சைதாப்பேட்டை
1977 – 6ஆவது – அண்ணா நகர்
1980 – 7ஆவது – அண்ணா நகர் (1983இல் விலகினார்)
1984 – 8ஆவது – போட்டியிடவில்லை
1989 – 9ஆவது – துறைமுகம்
1991 – 10ஆவது – துறைமுகம் (வென்றபின் விலகினார்)
1996 – 11ஆவது – சேப்பாக்கம்
2001 – 12ஆவது – சேப்பாக்கம்
2006 – 13ஆவது – சேப்பாக்கம்
2011 – 14ஆவது – திருவாரூர்
2016 – 15ஆவது – திருவாரூர் (உறுப்பினராக இருக்கும்போதே மறைவு)

நின்ற 13 தேர்தலிலும் வெற்றி. 1984 வரியை நீக்கிவிடாதீர்கள். நிற்காத தேர்தலும் வரலாற்றின் பகுதிதான். அந்த வரி இல்லாவிட்டால் 1980க்கும் 1989க்கும் நடுவில் ஒன்பது ஆண்டு எங்கே போனது என்று வாசிப்பவர் தேட வேண்டிவரும்.

பேரவை எண்ணில் ஒரு கண்ணி உண்டு. மேலே உள்ள எண் 1952 தேர்தலை முதலாவதாகக் கொண்டது. விடுதலைக்கு முன் 1937இலும் 1946இலும் சென்னை மாகாணத்துக்குத் தேர்தல் நடந்தது. அவற்றையும் சேர்த்து எண்ணும் பழைய நூலிலிருந்து எடுத்தால் எல்லா எண்ணும் இரண்டு தள்ளிப்போகும். இரண்டு நூலிலிருந்து பாதிப் பாதி எடுத்தால் நடுவில் எண் குதிக்கும். எண்ணோடு ஆண்டையும் சேர்த்தே எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கையைப் படிப்பது

ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலுக்கும் இந்தியத் தேர்தல் ஆணையம் ஒரு புள்ளிவிவர அறிக்கை வெளியிடுகிறது. 1951-52 முதல் எல்லாம் அதன் இணையதளத்தில் கிடைக்கும். தொகுதிவாரியாக வேட்பாளர், கட்சி, வாக்கு எண்ணிக்கை இருக்கும். வாக்கு எண்ணுக்கு இதைவிட்டு வேறு எங்கும் முதலில் போகாதீர்கள்.

தேடுகிறவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் மாநிலத்தின் பெயர். 1957, 1962, 1967 தேர்தல்களைத் ‘தமிழ்நாடு’ என்ற பெயரில் தேடினால் கிடைக்காது. அவை ‘மெட்ராஸ்’ தலைப்பின் கீழ் இருக்கின்றன. மாநிலத்தின் பெயர் சட்டப்படி தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரி 14இல். கட்டுரையிலும் இந்த வேறுபாடு தெரிய வேண்டும். 1957இல் அவர் ‘தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு’த் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று எழுதுவது பிழை, சென்னை மாநிலச் சட்டமன்றம் என்பதே சரி.

இரண்டாவது இடறல், கட்சிப் பத்தி. 1957 அறிக்கையில் குளித்தலை வெற்றியாளர் சுயேச்சை என்றே பதிவாகியிருக்கிறார். தி.மு.க. சந்தித்த முதல் பொதுத்தேர்தல் அது. கட்சிக்கு ஆணையத்தின் அங்கீகாரம் கிடைத்தது அடுத்த ஆண்டுதான். ‘அவர் முதலில் சுயேச்சையாக நின்று பிறகு தி.மு.க.வில் சேர்ந்தார்’ என்று இதை வைத்து எழுதினால் பெரும்பிழை. பட்டியலில் “ஏட்டில் சுயேச்சை, தி.மு.க. வேட்பாளர்” என்று இரண்டையும் போடுங்கள். அந்தத் தேர்தலில் வென்ற தி.மு.க.வினர் 15 பேர். மற்ற மாநிலங்களிலும் புதிதாகத் தொடங்கிய கட்சிகளின் முதல் தேர்தலை எடுத்தால் இதே சிக்கல் வரும்.

மூன்றாவது, இரட்டை உறுப்பினர் தொகுதிகள். 1957இல் சென்னை மாநிலத்தில் 205 இடங்கள், ஆனால் தொகுதிகள் 167தான். 38 தொகுதிகளிலிருந்து இருவர் இருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அங்கே ஒரு வாக்காளருக்கு இரண்டு வாக்கு. அதனால் அப்படிப்பட்ட தொகுதியில் பதிவான வாக்கை வாக்காளர் எண்ணிக்கையால் வகுத்தால் நூற்றுக்கு மேல்கூட வரும். உங்கள் தலைவர் 1952இலோ 1957இலோ வென்றவராக இருந்தால், அது ஒற்றைத் தொகுதியா இரட்டையா என்று பார்த்த பிறகே வாக்கு சதவீதம் போடுங்கள். 1962 முதல் இந்த முறை இல்லை. அந்த ஆண்டு இடங்கள் 206. 1967 முதல் இன்றுவரை 234.

பெயர் எழுத்துக்கூட்டல் நான்காவது. ஆங்கில எழுத்தில் ஒரே ஆள் ஒவ்வொரு அறிக்கையிலும் ஒவ்வொரு விதமாக இருப்பார். தலைப்பெழுத்து முன்னே, பின்னே, சில நேரம் இல்லாமலும் இருக்கும். பெயரை வைத்துத் தேடாமல் தொகுதியை வைத்துத் தேடி, அங்கே வென்றவர் யார் என்று பாருங்கள். புகழ்பெற்ற வேட்பாளரின் தொகுதியில் அதே பெயருள்ள சுயேச்சைகள் நிற்பது நம் ஊரில் பழைய வழக்கம் என்பதால், வாக்கு எண்ணைப் பார்த்து உறுதிசெய்வது நல்லது.

வித்தியாசத்தை எப்போதும் நீங்களே கழித்துப் பாருங்கள். அச்சான நூல்களில் இலக்கம் இடம் மாறுவது அடிக்கடி நடக்கும். கருணாநிதியின் தேர்தல்களில் மூன்றைக் கட்டாயம் குறிப்பிடலாம். 1980இல் அண்ணா நகரில் எச்.வி. ஹண்டேயை 699 வாக்கில் வென்றார். 1991இல், ராஜீவ் காந்தி கொலைக்குப் பிந்தைய அலையில், துறைமுகத்தில் 890 வாக்கு. 2016இல் திருவாரூரில் 68,366. மற்ற பத்தையும் வரிசையாகக் கட்டுரையில் அடுக்கினால் யாரும் படிக்க மாட்டார்கள். அவை பட்டியலிலேயே இருக்கட்டும்.

தொகுதி ஏன் மாறியது

தலைவர் தொகுதி மாறியதும் ‘தோல்விப் பயம்’ என்று எழுதிவிடும் கை பலருக்கு. முதலில் பார்க்க வேண்டியது தொகுதி மறுசீரமைப்பு ஆணை. 1977க்கு முன் அண்ணா நகர் என்ற பெயரில் ஒரு தொகுதி இல்லை. திருவாரூர் 2006 தேர்தல் வரை தனித்தொகுதி, அதாவது பட்டியல் சாதியினர் மட்டுமே நிற்கக்கூடியது. 2008 மறுசீரமைப்புக்குப் பின் 2011இல்தான் பொதுத்தொகுதியானது. சொந்த ஊர்ப் பக்கம் அவர் 87 வயதை நெருங்கும்போது போய் நின்றதற்கு உணர்ச்சிகரமான விளக்கங்கள் ஆயிரம் சொல்லலாம், ஆனால் அதற்கு முன் அவர் அங்கே நிற்க வழியே இல்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் படம் முழுமையாகாது. அதே சீரமைப்பில் சேப்பாக்கம் தனியாக இல்லாமல் சேப்பாக்கம் – திருவல்லிக்கேணி ஆயிற்று. ஆகவே 2006 சேப்பாக்கம் எண்ணையும் 2011க்குப் பிந்தைய எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. எல்லையே வேறு.

இதன் பொருள், மறுசீரமைப்பு நடந்த ஒவ்வொரு கட்டத்திலும் பட்டியலில் ஒரு கோடு இழுக்க வேண்டும்: 1967க்கு முன், 1977க்கு முன், 2011க்கு முன். கோட்டைத் தாண்டி “வாக்கு கூடியது, குறைந்தது” என்று எழுதாதீர்கள்.

இருக்கை தொடங்கிய நாளும் நீங்கிய நாளும்

இந்த வேலையின் உயிர்நாடி இங்கேதான். சட்டமன்ற உறுப்பினருக்குத் தொடக்க நாள் என்று சொல்லத்தக்கவை மூன்று: தேர்தல் அலுவலர் முடிவை அறிவித்த நாள், பேரவை அமைக்கப்பட்டதாக அறிவிக்கை வந்த நாள், உறுதிமொழி எடுத்த நாள். எதை எடுத்தாலும் பெரிய குற்றமில்லை, ஆனால் ஒருவருடைய எல்லா வரிக்கும் ஒன்றையே எடுக்க வேண்டும். அரசியல் சட்டத்தின் 188ஆவது பிரிவுப்படி உறுதிமொழி எடுக்காமல் அவையில் அமர முடியாது என்பதால், அவையில் பங்கேற்ற காலத்தைக் கணக்கிட உறுதிமொழி நாளே பொருத்தம்.

நீங்கிய நாளில்தான் ஆள் ஏமாறுவார். ஐந்தாண்டு முடிந்தது, பேரவை கலைக்கப்பட்டது, விலகல், தகுதி இழப்பு, மறைவு என ஐந்து வழிகள். விலகலில் கடிதம் கொடுத்த நாளும் பேரவைத் தலைவர் ஏற்ற நாளும் வேறாக இருக்கலாம். இருக்கை காலியாவது ஏற்ற நாளில்தான். 1983 ஆகஸ்டில் இலங்கைத் தமிழர் பிரச்சினைக்காகக் கருணாநிதியும் க. அன்பழகனும் விலகினர். அந்தச் செய்தியை நாளிதழில் எடுக்கிறவர்கள் அறிவித்த நாளையே விலகிய நாளாகப் போட்டுவிடுகிறார்கள். பேரவை நடவடிக்கைக் குறிப்பில் தலைவர் அறிவித்த நாளைப் பார்த்துப் போடுங்கள்.

அதன் பிறகு வருகிறது மேலவை. 1984இல் அவர் சட்டமன்ற மேலவை உறுப்பினரானார். 1986 நவம்பர் 1இல் மேலவையே இல்லாமல் போனது. மேலவைக் காலத்தைத் தனி வரியாகப் போட வேண்டும். ‘சட்டமன்றத்தில்’ என்று பொதுவாகச் சொன்னால் இரு அவையும் அடங்கும், ‘பேரவையில்’ என்றால் அடங்காது. 13 வெற்றி என்பது பேரவைக்கு மட்டும். மேலவைக் காலத்தையும் சேர்த்தால்தான் மொத்தம் 50 ஆண்டை ஒட்டி வரும்.

பேரவைக் காலத்தைக் கூட்டும்போது 1976 ஜனவரி 31 முதல் 1977 நடுப்பகுதி வரை யாருமே உறுப்பினர் இல்லை என்பது மறந்துபோகும். அதேபோல 1980 பிப்ரவரி முதல் ஜூன் வரை. அவர் 1977இல் வென்ற பேரவை மூன்றாண்டுகூட ஓடவில்லை. இடைவெளியே இல்லாமல் உறுப்பினராக இருந்த மிக நீண்ட காலம் 1996 மே முதல் 2018 ஆகஸ்ட் வரையிலான 22 ஆண்டுகள். வாழ்க்கையின் பின்பகுதியில் வந்தது அது. தலைவரின் நீண்ட காலச் செயல்பாட்டைச் சொல்ல விரும்புகிறவருக்கு இதுவே போதிய செய்தி. ஊதிப் பெரிதாக்கத் தேவையில்லை.

முதல்வர் பதவி: நாள் கணக்கு

ஐந்து முறை முதல்வர் என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். நாள்களைப் போடும்போதுதான் கை நடுங்கும். வரிசை இது:

10.2.1969 – 4.1.1971
15.3.1971 – 31.1.1976
27.1.1989 – 30.1.1991
13.5.1996 – 13.5.2001
13.5.2006 – 15.5.2011

தொடங்கிய நாளைச் சேர்த்து, முடிந்த நாளை விட்டு எண்ணினால் முறையே 693, 1,783, 733, 1,826, 1,828 நாள், மொத்தம் 6,863. விரிதாளில் முடிந்த நாளிலிருந்து தொடங்கிய நாளைக் கழித்தால் இதே விடை வரும். இரு நாளையும் சேர்த்து எண்ணுகிறவருக்கு ஐந்து கூடும். இரண்டில் எதைப் பின்பற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பல விரிதாள் மென்பொருள்களில் 1900க்கு முந்தைய தேதி வேலை செய்யாது. இவருக்கு அது பிரச்சினை இல்லை, ஆனால் நீதிக்கட்சிக் காலத்துத் தலைவர்களின் பிறந்த தேதியைப் போடும்போது வயது கணக்கு உடையும்.

முதல் இரண்டு வரிக்கும் நடுவில் இருக்கும் எழுபது நாளைப் பாருங்கள். 1971 ஜனவரியில் பேரவை கலைக்கப்பட்டது, மார்ச்சில் தேர்தல். முதல்வர் பட்டியல்கள் பல இந்த இடைவெளியைக் காலியாகக் காட்டுகின்றன. சில ‘குடியரசுத் தலைவர் ஆட்சி’ என்றே நிரப்பிவிடுகின்றன. ஆனால் தமிழ்நாட்டில் குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்த காலங்களாகப் பட்டியலிடப்படுபவை நான்குதான்: 1976 ஜனவரி முதல் 1977 ஜூன் வரை, 1980 பிப்ரவரி முதல் ஜூன் வரை, 1988 ஜனவரி முதல் 1989 ஜனவரி வரை, 1991 ஜனவரி முதல் ஜூன் வரை. 1971 அதில் இல்லை. பேரவை கலைந்ததால் மட்டும் அமைச்சரவை கலைந்துவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். பொறுப்புள்ள குறிப்பாளர் பேரவைக் கலைப்பை ஒரு நிகழ்வாகவும், மார்ச் 15 பதவியேற்பை மறு நிகழ்வாகவும் எழுதி, நடுவில் குடியரசுத் தலைவர் ஆட்சி என்ற சொல்லை நுழைக்காமல் விடுவார். எப்படி எண்ணினாலும் பதவியேற்பு ஐந்து என்பது மாறாது; மொத்த நாளில்தான் எழுபது கூடக்குறைய ஆகும்.

முதல் வரியின் தொடக்கமும் கவனிக்கத்தக்கது. அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி 3. அன்றிலிருந்து 10ஆம் தேதி வரை இடைக்கால முதல்வர் இரா. நெடுஞ்செழியன். ‘அண்ணாவுக்குப் பின் உடனே’ என்று எழுதினால் இந்த ஒரு வாரம் காணாமல் போய்விடும். அரசியலில் அது சாதாரண வாரம் அல்ல.

பதவி நீங்கிய காரணத்தை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். 1976இலும் 1991இலும் 356ஆவது பிரிவின்படி ஆட்சி கலைக்கப்பட்டது. முதலாவது நெருக்கடிநிலைக் காலம். இரண்டாவதில் ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை அனுப்ப மறுத்தும் கலைப்பு நடந்தது. 2001இலும் 2011இலும் தேர்தல் தோல்வி. ‘ஆட்சியை இழந்தார்’ என்ற ஒரே சொல்லால் நான்கையும் மூடினால் குறிப்பு எழுதியதற்கே பொருளில்லை.

அமைச்சர், கட்சிப் பதவிகளுக்கும் இதே முறை. 1967 மார்ச் 6இல் பதவியேற்ற அண்ணா அமைச்சரவையில் பொதுப்பணித் துறை அமைச்சர். 1969 ஜூலை 27 முதல் மறையும் வரை கட்சித் தலைவர். எதிர்க்கட்சித் தலைவர் பதவியை மட்டும் ஊகித்து எழுதாதீர்கள். கட்சி ஆட்சியில் இல்லை, இவர் பேரவையில் இருக்கிறார், ஆகவே இவர்தான் எதிர்க்கட்சித் தலைவர் என்பது தப்புக் கணக்கு. 1977இலும் 1980இலும் அவர் அந்தப் பதவியில் இருந்தார். 2001 பேரவையில் அந்தப் பொறுப்பு அன்பழகனுக்கு. 2011இல் தி.மு.க.வுக்கு 23 இடம், தே.மு.தி.க.வுக்கு 29, எதிர்க்கட்சித் தலைவர் விஜயகாந்த். 2016இல் மு.க. ஸ்டாலின்.

எந்த ஏட்டை எதற்கு நம்புவது

பேரவைச் செயலகம் வெளியிடும் ‘யார் எவர்’ கையேடு எல்லோரும் முதலில் புரட்டுவது. தொகுதி, கட்சி, முந்தைய பதவிக்காலம் இதில் சுருக்கமாகக் கிடைக்கும். ஆனால் பிறந்த தேதி, படிப்பு, தொழில் போன்றவை உறுப்பினர் தாமே எழுதிக் கொடுப்பவை. சிறை சென்ற விவரமும் அப்படித்தான். அவற்றுக்கு இன்னொரு சான்று வேண்டும். மறைந்த உறுப்பினர் என்றால், அடுத்துக் கூடும் பேரவையில் தலைவர் வாசிக்கும் இரங்கற் குறிப்பில் பதவிக்காலங்கள் வரிசையாக வரும். நடவடிக்கைக் குறிப்பில் அந்த நாளைத் தேடினால் ஒரே பக்கத்தில் எலும்புக்கூடு கிடைத்துவிடும். அதுவும் பெரும்பாலும் ‘யார் எவர்’ பார்த்து எழுதியதுதான், ஆகவே இரண்டையும் இரண்டு ஆதாரமாக எண்ணக் கூடாது.

அமைச்சர் நியமனம், துறை மாற்றம் ஆகியவற்றுக்குத் தமிழ்நாடு அரசிதழின் சிறப்பு வெளியீடுகள். துறை மாற்றம் செய்தித்தாளில் சின்னதாக வரும் அல்லது வராமலே போகும், அரசிதழில் நாளோடு இருக்கும். பழைய அரசிதழ்களுக்கும் அரசாணைகளுக்கும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். நூல்களுக்குக் கன்னிமாரா; பழைய தமிழ் இதழ்களுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். போவதற்கு முன் பட்டியலின் காலிக் கட்டங்களை மட்டும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். “கருணாநிதியைப் பற்றி என்ன இருக்கிறது?” என்று கேட்டால் எந்த நூலகரும் உதவ முடியாது. “1983 ஆகஸ்ட் பேரவை நடவடிக்கைகள்” என்று கேட்டால் எடுத்துத் தருவார்.

நாளிதழில் தேதி எடுக்கும்போது ஒரு நாள் பின்னோக்கிக் கழியுங்கள். காலை இதழின் செய்தி முந்தைய நாளையது, மாலை இதழ் அன்றையது. வாக்குச்சீட்டுக் காலத்தில் எண்ணிக்கை மறுநாளும் நீளும், ஆகவே ‘முடிவு வந்த நாள்’ தொகுதிக்குத் தொகுதி மாறும். கட்சி ஏடுகளை ஒதுக்கிவிடாதீர்கள். 1942இல் தொடங்கிய முரசொலி, கூட்டங்களின் நாள், இடம், தீர்மான வாசகம் இவற்றுக்கு மற்ற எதையும்விட நுணுக்கமானது. கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்கு மட்டும் எந்தக் கட்சி ஏட்டையும் பார்க்காதீர்கள்.

சொத்து, கல்வி, வழக்கு விவரத்துக்கு வேட்புமனுவோடு இணைக்கும் படிவம் 26 உறுதிமொழிப் பத்திரம். உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து 2003 முதல்தான் இது முழுமையாக நடைமுறையில் உள்ளது. எனவே இவருக்கு 2006, 2011, 2016 மூன்று தேர்தலுக்கே எதிர்பார்க்கலாம். மூன்றையும் ஒப்பிட்டு ‘சொத்து இத்தனை மடங்கு’ என்று எழுதும் முன், சந்தை மதிப்பா வாங்கிய விலையா, துணைவர் பெயரில் உள்ளது சேர்ந்ததா என்று பத்தி பத்தியாகப் பாருங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பதானால் பேரவைச் செயலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, ஒரு மனுவில் ஒரு விஷயம். “இன்ன உறுப்பினரின் விலகல் ஏற்கப்பட்ட நாள்” என்று கேளுங்கள். “ஏன் விலகினார்” என்று கேட்டால் பதில் வராது. 30 நாளில் பதில் இல்லையெனில் முதல் மேல்முறையீடு. சட்டமன்றத்துக்கான கட்டண விதியைப் பேரவைத் தலைவர் தனியாக வகுக்கலாம் என்பதால், அரசுத் துறைகளுக்குப் போடும் பழக்கத்தில் முத்திரைவில்லை ஒட்டி அனுப்பாமல் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

“இவர் கொண்டுவந்தார்” என்று எழுதும் முன்

ஒரு திட்டத்துக்கு அறிவித்த நாள், அரசாணை அல்லது சட்டமுன்வடிவு நாள், ஒப்புதல், நடைமுறைக்கு வந்த நாள் என நான்கு உண்டு. பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை தந்த சட்டத்தை எடுங்கள். 1989 என்று ஒருவர் எழுதுவார், 1990 என்று மற்றவர். இருவரும் சரி. சட்டம் 1990ஆம் ஆண்டின் 1ஆம் எண். நடைமுறை 1989 மார்ச் 25 முதல். சட்ட எண்ணையும் நடைமுறை நாளையும் சேர்த்து எழுதினால் சண்டை ஓய்ந்தது.

திரும்பப் பெற்றவற்றையும் எழுத வேண்டும். மதுவிலக்கு 1971இல் தளர்த்தப்பட்டது, 1974இல் அதே ஆட்சியில் மீண்டும் வந்தது. முதலாவதை எழுதி இரண்டாவதை விடுகிறவரும், மாற்றி விடுகிறவரும் உண்டு. எந்தப் பக்கம் சாய்கிறார் என்பது அதிலேயே தெரிந்துவிடும். விலை மாறிய திட்டத்தில் படிகளைப் போடுங்கள்: கிலோ அரிசி 2006 ஜூன் 3 முதல் 2 ரூபாய், 2008 செப்டம்பர் 15 முதல் 1 ரூபாய். உழவர் சந்தை என்றால் முதலாவது மதுரையில், 1999 நவம்பர் 14.

தொடங்கியதும் முடிந்ததும் வேறு ஆட்சியாக இருப்பது மாநில அரசியலில் அன்றாடம். பாலத்துக்கு அடிக்கல் ஒருவர், திறப்பு மற்றவர். இரண்டு கல்வெட்டும் நிற்கிறதா என்று நேரில் பார்ப்பது நல்லது. மறைக்கப்பட்ட கல்வெட்டும் நம் ஊரில் புதிதல்ல.

வழக்குகள், விசாரணைகள்

புகார், கைது, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு, மேல்முறையீடு என ஒவ்வொன்றுக்கும் சொல் வேறு. விசாரணை ஆணைய அறிக்கை இவற்றில் எதுவும் அல்ல. 1952ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டப்படி அமையும் ஆணையத்துக்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. கருணாநிதி ஆட்சி மீதான ஊழல் புகார்களை விசாரிக்க 1976 பிப்ரவரியில் அமைக்கப்பட்ட சர்க்காரியா ஆணையத்தைப் பற்றி ஆதரவாளர் ஒரு வரிகூட எழுதமாட்டார், எதிர்ப்பாளர் தீர்ப்பு வந்ததுபோல எழுதுவார். ஆணையம் அமைந்தது, எதைப் பற்றி விசாரித்தது, எந்த நீதிமன்றத்திலும் தண்டனை ஆனதா என்ற மூன்றையும் வரிசையாக எழுதிவிட்டு நகருங்கள். 2001 ஜூன் 30 அதிகாலைக் கைதையும் அப்படியே: சென்னை மேம்பாலங்கள் கட்டியதில் முறைகேடு என்ற வழக்கில் கைது என்று எழுதலாம், அதற்கு மேல் நீதிமன்ற ஏட்டில் இருப்பதை மட்டும்.

குடும்பத்தினரில் பொதுவாழ்வில் இல்லாதவர்களின் பெயரையும் முகவரியையும் குறிப்பில் போட வேண்டியதில்லை.

‘மிக நீண்ட’ என்ற அடைமொழி

அதிக முறை வென்றவர், அதிக ஆண்டு உறுப்பினராக இருந்தவர், ஒரே தொகுதியில் அதிக முறை வென்றவர், அதிக நாள் முதல்வர். நான்கும் நான்கு சாதனைகள். கேரளத்தின் கே.எம். மாணியும் 13 முறை வென்றவர், அதுவும் பாலா என்ற ஒரே தொகுதியில். ஆனால் அவர் முதலில் வென்ற 1965 பேரவை, யாருக்கும் பெரும்பான்மை இல்லாமல் ஒரு நாள்கூடக் கூடாமல் கலைக்கப்பட்டது. வெற்றி 13 என்றாலும் அமர்ந்த பேரவை 12தான். உம்மன் சாண்டி 1970 முதல் 2023இல் மறையும் வரை புதுப்பள்ளியில் 12 வெற்றி. எண்ணிக்கையில் ஒன்று குறைவு, காலத்தில் மாணியைத் தாண்டியவர். மராட்டியத்தின் கண்பத்ராவ் தேஷ்முக் சங்கோலாவில் 11 முறை, நடுவில் தோல்வியும் கண்டு. முதல்வர் பதவி என்று எடுத்தால் இவர்கள் யாரும் வரமாட்டார்கள். சிக்கிமின் பவன் குமார் சாம்லிங் 1994 டிசம்பர் முதல் 2019 மே வரை, அதற்கு முன் ஜோதி பாசு 1977 முதல் 2000 வரை. எந்தக் கணக்கில் ‘மிக நீண்ட’ என்று சொல்லாத வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.

எழுதும்போது

பட்டியல் நிறைந்தபின் எழுத்து வேகமாக ஓடும். 800 சொல் குறிப்பு என்றால் பிறப்பு, இளமை, இயக்கத்துக்கு வந்தது இவற்றுக்கு 150க்கு மேல் வேண்டாம், பேரவையும் ஆட்சியும் 450, கட்சிப் பணி 100, சர்ச்சைகள் 100. எழுத்து, திரைத்துறை போல வேறு துறையிலும் பெயர் பெற்றவரானால் அதற்குத் தனிக் கட்டுரை ஒதுக்குங்கள். இதற்குள் திணித்தால் இரண்டும் கெடும். பெயரை ஒரே விதமாக எழுதுங்கள். பட்டப்பெயரை ஒருமுறை அறிமுகப்படுத்திவிட்டு மற்ற இடங்களில் ‘மு. கருணாநிதி’ அல்லது ‘கருணாநிதி’ போதும். ‘அவர்கள்’ சேர்ப்பதும் சேர்க்காததும் வெளியிடும் இடத்தைப் பொறுத்தது, பாதியில் மாறக் கூடாது.

கடைசியாக, மறைவோடு பட்டியலை மூடாதீர்கள். திருவாரூர் இருக்கை 2018 ஆகஸ்ட் 7இல் காலியானது. ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் என்ற விதிப்படி 2019 ஜனவரி 28 என்று நாள் குறித்து, கஜா புயல் நிவாரணப் பணியைக் காரணம் காட்டி ஆணையம் அதை ரத்து செய்தது. மக்களவைத் தேர்தலோடு ஏப்ரல் 18இல் வாக்குப்பதிவு நடந்து, தி.மு.க.வின் பூண்டி கலைவாணன் வென்றார். அந்த வரியையும் பட்டியலின் அடியில் போடுங்கள்.